பாலை மரத்துக்கு ஜப்பான் தெரியாது

"ஜப்பான் சாமான் எண்டா ஜப்பான் சாமான்தான்." வன்னியில் இந்தப் பேச்சை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பது கடினம். அதற்கு ஞாயமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலுக்கு வழியில்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை இந்த மண் கண்டது. தோட்டங்களுக்கு இரவு பகலாக இறைத்த தண்ணீர்ப் பம்பிகளையும், ரீகண்டிஷனில் வந்து இன்றைக்கும் ஏ-9 வீதியில் கல்லும் மணலும் இழுக்கும் லொறிகளையும் கண்டது. எஞ்சின்கள் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது.

அந்தப் பெயர் இப்போது தச்சுப் பட்டறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. யூடியூப் பார்த்து மரவேலையில் ஆசை கொண்ட பிள்ளைகள், தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பாடநெறிக்குப் பதிந்தவர்கள், கனடாவிலும் சுவிசிலும் மாமன்மார் உள்ளவர்கள் என்று பலரும் ஒன்றையே சொல்கிறார்கள். மலிவு ஆயுதத்தில் பழகினால் கை கெட்டுப்போகும். தொடங்கும்போதே ஜப்பான் உளி, ஜப்பான் சீவுளி, ஜப்பான் வாள் என்று தரமானதாக வாங்கிவிட வேண்டும். ஒருமுறை செலவு, ஆயுசுக்கும் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில் இன்று தொழில் தொடங்கும் ஒருவருக்கு இதைவிடப் பிழையான புத்திமதி கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆயுதங்களின் தரத்தில் சந்தேகமே இல்லை. ஹியோகோ மாகாணத்தின் மிக்கி, நீகத்தா மாகாணத்தின் சன்ஜோ போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கொல்லுத்தொழில் அது. வெட்டும் முனைக்கு மட்டும் கடின உருக்கை வைத்து, முதுகுக்குப் பச்சிரும்பை ஒட்டி அடிப்பார்கள். உருக்கு கூர்மையைத் தாங்கும். பச்சிரும்பு அடியைத் தாங்கும், தீட்டும்போது கல்லுக்கு இலகுவாகத் தேயும். மெச்சத்தக்க வேலை. கோபே நகரில் 1984இல் திறந்த தக்கேனகா தச்சுக் கருவி நூதனசாலையே இதற்கென்று இருக்கிறது. பிரச்சினை ஆயுதத்தில் இல்லை. அதை யாருக்கு, எந்த மரத்துக்கு, எந்த நேரத்தில் வாங்கச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.

"தரமானதை வாங்கு, உடனே வேலை தொடங்கு" என்பவர்கள் ஒரு ஜப்பான் சீவுளியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்திருப்பார்களா என்பது ஐயம். 'கன்னா' என்று அழைக்கப்படும் அந்தச் சீவுளி பெரும்பாலும் பாதி முடிந்த நிலையில்தான் கைக்கு வரும். தடித்த, ஆப்பு வடிவ அலகு அது. ஓக் மரக் கட்டையில் வெட்டிய பள்ளத்துக்குள் நேரே இறுகும். அந்தப் பள்ளத்தை அலகுக்கு ஏற்றபடி சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்வது வாங்கியவரின் வேலை. கட்டையின் அடிப்பக்கம் முழுதும் பலகையில் படக்கூடாது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டு, மற்ற இடத்தில் மயிரிழை அளவு பள்ளம் விட வேண்டும். அலகின் பின்பக்கத்தில் வேண்டுமென்றே குழி வைத்திருப்பார்கள். தீட்டித் தீட்டி விளிம்பு அந்தக் குழியைத் தொட்டுவிட்டால், முன்பக்கப் பச்சிரும்பில் சுத்தியலால் மெல்லத் தட்டி உருக்கைப் பின்னே தள்ள வேண்டும். தட்டு ஒரு நூல் தவறி உருக்கில் விழுந்தால் முனை வெடிக்கும். பல மாதச் சேமிப்பு ஒரே தட்டில் போகும்.

உளிக்கும் அதே கதை. பிடியின் தலையில் உள்ள இரும்பு வளையம் பல உளிகளில் சும்மா செருகித்தான் வரும். அதைக் கழற்றி, பிடியின் தலையைத் தட்டி நசுக்கி, வளையத்தை இறக்கி, மேலே தெரியும் மரத்தை மடித்து விடுவது வாங்கியவரின் பாடு. ஜப்பானில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். ஜப்பான் தச்சுக் கருவிகளைப் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய தோஷியோ ஒதாத்தே, இழுவைக் கதவு செய்யும் ஆசானிடம் இளவயதிலேயே சேவகம் செய்து பழகியவர். ஆயுதத்தைச் சரிக்கட்டப் பழகுவதுதான் அந்தத் தொழிற்பயிற்சியின் தொடக்கம். புதுக்குடியிருப்பில் அதைச் சொல்லித்தர எவர் இருக்கிறார்?

எவருமில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஒழுங்கையிலேயே நாற்பது வருடம் நிலையும் கதவும் யன்னலும் செய்த தச்சர் ஐயா ஒருவர் இருப்பார். சீவுளி அலகை எவ்வளவு வெளியே விடுவது, பாலையின் வைரத்தில் உளி ஏன் வழுக்குகிறது, வேம்பு எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். அவரிடம் ஒரு கன்னாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது தம்பி" என்று நேர்மையாகத் திருப்பித் தருவார். விலை கூடிய ஆயுதத்தோடு பழகுநர் வாங்குவது இந்தத் தனிமையையும் சேர்த்துத்தான். இந்தச் செலவை எந்தக் கடைக்காரரும் பில்லில் போடுவதில்லை.

அடுத்தது மரம். இங்கேதான் அந்த வாதம் முழுதாகக் கவிழ்கிறது.

ஜப்பான் தச்சின் அன்றாட மரங்கள் சூகியும் ஹினோக்கியும். ஒரு கனமீற்றர் உலர்ந்த சூகி ஏறத்தாழ 380 கிலோ. ஹினோக்கி ஏறத்தாழ 440 கிலோ. நேர் இழை, மென்மை, வாசம். வன்னிப் பாலையோ கனமீற்றருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். வைரத்துண்டைக் குளத்தில் போட்டால் அமிழும். முதிரையும் அதற்குப் பெரிதாகப் பின்னால் நிற்காது. அதோடு முதிரையின் இழை ஒரு வளையத்தில் இடப்பக்கமும் அடுத்த வளையத்தில் வலப்பக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல்தான் மெருகேற்றிய முதிரையில் பட்டுப்போல மினுங்குகிறது. சீவும்போது துண்டு துண்டாகப் பிய்வதற்கும் அதுவே காரணம். (அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியைக் கிளப்பும் என்பது தனிக் கதை.)

வழக்கமான கன்னாவில் அலகு ஏறத்தாழ 40 பாகையில் படுத்திருக்கும். மென்மரத்துக்கு அது கச்சிதம். மேல்நாட்டு இரும்புச் சீவுளி 45 பாகை. இழை பின்னிய வைரமரத்துக்கு 50, 55 என்று நிமிர்த்த வேண்டியிருக்கும். 40 பாகையில் முதிரையைச் சீவப் போனால் முதல் இழுப்பு கண்ணாடிபோல வரும். மூன்றாம் இழுப்பில் பலகை அம்மை கண்ட முகமாகும். பழகுநர் தன் கையைத்தான் நொந்துகொள்வார். பிழை கையில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.

யூடியூபில் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு: மயிரை விடப் பல மடங்கு மெல்லிய சீவல், பலகையின் நீளத்துக்கு ஒரே துண்டாக, காற்றில் மிதக்கும். 1997இல் ஜப்பானில் தொடங்கிய 'கெசுரோகாய்' என்ற சீவல் கூட்டங்களின் காட்சி அது. அங்கே சீவப்படுவது பெரும்பாலும் தேர்ந்தெடுத்த ஹினோக்கி. அதைப் பார்த்துவிட்டுக் கன்னாவுக்கு ஆசைப்படுவது, தார் றோட்டில் பறக்கும் பந்தயச் சைக்கிளைப் பார்த்து ஒட்டுசுட்டான் காட்டுப்பாதைக்கு அதையே வாங்குவது போன்றது.

"ஜப்பானில் வைரமரமே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. கெயாக்கி உண்டு, ஓக் உண்டு, தென்கிழக்காசியாவிலிருந்து இறக்குமதியான கருங்காலி வகைகளும் உண்டு. ஆனால் அந்த மரத்தில் வேலை செய்யும் ஜப்பான் கைவினைஞர் வழக்கமான கன்னாவோடு மல்லுக்கட்டுவதில்லை. அலகை மேலும் நிமிர்த்திய சீவுளி, செங்குத்தாக நிற்கும் அலகால் சுரண்டும் சீவுளி, சாதாரண உருக்குக்குப் பதில் அதிவேக உருக்கில் செய்த உளி என்று வேறு ஆயுதம் எடுப்பார். மரத்துக்கு மரம் ஆயுதம் மாறும் என்பதை ஜப்பானியரே நன்கு அறிவர். 'ஜப்பான்' என்ற ஒரே சொல்லில் தரத்தை அடக்குவது நம்மவர் கண்டுபிடிப்பு.

இன்னொரு தகவலும் அங்கிருந்துதான் வருகிறது. யமகத்தா பல்கலைக்கழகத்தின் கவாய், கத்தோ என்ற இரு பேராசிரியர்கள், சீவுளி அலகின் மேல் வரும் மறுதகடு என்ன செய்கிறது என்பதை உருப்பெருக்கிப் படம் பிடித்தார்கள். அந்தத் தகட்டின் முன்விளிம்பை நிமிர்த்தித் தீட்டி, அலகின் முனைக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் நெருக்கத்தில் வைத்தால், எதிர் இழையிலும் மரம் பிய்வது வெகுவாக அடங்குகிறது. இரும்புக்கடையில் வாங்கிய சாதாரண இரும்புச் சீவுளியிலும் அந்த மறுதகடு இருக்கிறது. அதை நெருக்கி வைக்கக் காசு தேவையில்லை. தீட்டத் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். ஜப்பான் ஆய்வு ஒன்றே ஜப்பான் சீவுளி வாங்கும் அவசரத்தைக் குறைக்கிறது என்பது சுவையான முரண்.

வன்னி மரத்துக்கு வேறெங்கும் எளிதில் காணாத ஒரு குணமும் உண்டு. ஷெல் சிதறலும் சன்னமும் உள்ளே புதைந்து, மேலே பட்டை மூடி வளர்ந்த மரங்கள் இந்தப் பக்கத்துக் காடுகளிலும் வளவுகளிலும் நின்றன, இன்னும் நிற்கின்றன. முதலாம் உலகப் போர் நடந்த பிரான்சின் வெர்தன் காடுகளிலும் இதே கதைதான். நூறு வருடம் கழித்தும் மரத்துக்குள் இரும்பு. ஜப்பான் உளியின் முனை ரொக்வெல் அளவில் 62 முதல் 65 வரை கடினம் கொண்டது. அவ்வளவு கடினம் என்றால் அவ்வளவு நொறுங்கலும் சேர்ந்தே வரும். சாதாரண உளி இரும்பில் பட்டால் மடியும், தீட்டி எடுக்கலாம். கடின முனை சில்லாகப் பெயரும். அந்தப் பள்ளம் மறையும்வரை தேய்த்தால் உளியின் ஆயுளில் ஒரு பங்கு கல்லோடு போகும். பழகுநரின் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய நிலை, பழைய தீராந்தி, உடைந்த கட்டில் சட்டம் போன்ற மரங்கள்தான். ஆணி முறிந்து கிடப்பதும் அவற்றில்தானே.

உருக்கைப் பற்றியும் ஒரு மாயை உலவுகிறது. 'வெள்ளை', 'நீலம்' என்று ஜப்பான் உருக்குகளுக்குப் பெயர் உண்டு. ஏதோ உலோகத்தின் நிறம் என்று நினைத்து, "நீலம்தான் உசத்தி" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. யசுகி நகரின் உருக்காலை தன் உருக்குகளை வேறுபடுத்த ஒட்டிய காகிதத்தின் நிறம் அது, வேறொன்றுமில்லை. வெள்ளை என்பது கரியும் இரும்பும் கொண்ட தூய உருக்கு. அதில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்த்தால் நீலம். வெள்ளைக் காகித இரண்டாம் இலக்க உருக்கில் கரி 1.05 முதல் 1.15 வீதம். தேய்ந்துபோய் மூலையில் எறிந்த நல்ல பழைய அரத்திலும் கரி 1 வீதத்துக்கு மேல்தான். துவைச்சல் தெரிந்த கொல்லர் அந்த அரத்தில் உளி அடித்துத் தருவார். லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்தால் கரி குறைவு, கூர் சற்றுச் சீக்கிரம் மழுங்கும். ஆனால் பாலையில் ஓங்கி அடித்தாலும் முனை பெயராது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து லொறி லொறியாகப் பழைய இரும்பு வெளியேறியது. அதில் எத்தனை உளிகள் போயினவோ!

இத்தனைக்கும் உயர்ந்த உருக்கு இந்தத் தீவுக்குப் புதிதல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி உருக்கு எடுத்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெவ் அகழ்ந்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய உலைகள் அவை. பெருமை பாட இதைச் சொல்லவில்லை. உருக்கின் இரகசியம் ஒரே நாட்டின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது என்ற எண்ணத்துக்கு இது ஒரு சிறு மருந்து.

வாளுக்கு வந்தால் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இழுத்து அறுக்கும் ஜப்பான் வாளின் தகடு மெல்லியது. இழுக்கும்போது தகடு நிமிர்ந்து நிற்பதால் வளையாது. வெட்டு நேராக வரும், கை களைக்காது. நிலத்தில் அமர்ந்து காலால் மரத்தை அழுத்திப் பிடித்து வேலை செய்யும் நம்மவர் இருப்புக்கும் அது பொருந்தும். தேக்கிலும் வேம்பிலும் மெல்லிய கழுந்து வெட்ட அதற்கு நிகர் குறைவு. இவ்வளவும் உண்மை.

ஆனால் இன்று விலைக்கு எட்டும் ஜப்பான் வாள்கள் பெரும்பாலும் தகடு மாற்றும் வகை. பல்லின் நுனியை மின்னல்வேகச் சூட்டில் கடினமாக்கியிருப்பார்கள். அரம் அதில் வழுக்கும். மழுங்கினால் தீட்ட முடியாது, தகட்டைக் கழற்றி எறிந்து புதிது போட வேண்டும். ஜப்பானில் அது மூலைக்கடைச் சாமான். மல்லாவியில்? பாலையின் முடிச்சில் இரண்டு பல் முறிந்த அன்றே அந்த வாளின் கதை முடிந்தது. அடுத்த தகடு மாமா விடுமுறையில் வரும்போதுதான். பழைய தள்ளுவாளின் பல்லை முக்கோண அரத்தால் அரை மணி நேரத்தில் தீட்டி, அன்று பின்னேரமே வேலைக்கு எடுக்கலாம். ஒருமுறை செலவு, ஆயுசுக்கும் போதும் என்ற பேச்சு இதில் எந்த வாளுக்குப் பொருந்தும் என்று கேட்க வேண்டும்.

காலநிலையையும் மறக்கக்கூடாது. ஐப்பசி முதல் தைவரை கொட்டும் மழை, பிறகு மாதக்கணக்கில் வறட்சி, நடுவில் கச்சான் காற்று. மரக்கட்டையில் அமைந்த சீவுளி மழையில் ஊதும், கச்சானில் சுருங்கும். அலகை இறுக்கியபடியே விட்டுவிட்டால் சுருங்கும் கட்டை அதை நெரித்து, கன்னமே வெடிக்கலாம். தகரக் கொட்டிலுக்குள் இருக்கும் பட்டறையில் கறளும் ஒரே இரவில் ஏறும்.

இனிக் காசு. ஓரளவு நல்ல கன்னா 150 டொலரில் தொடங்கி 400 வரை போகும். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 45,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, வெளிநாட்டுப் பொருளை நம்பித் தொழில் தொடங்குவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

"அப்படியென்றால் மலிவுச் சாமானை வாங்கி அழிவதா?" என்ற எதிர்க்கேள்வி ஞாயமானது. கெட்ட ஆயுதம் உண்மையிலேயே பழகுநரைக் கெடுக்கும். கூர் நிற்காத உளி கையில் பலத்தைக் கேட்கும். பலம் கூடிய இடத்தில் காயம் வரும். ஆகவே தரம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தரத்தை முத்திரையில் தேடக்கூடாது. ஜப்பான் பெயர் தாங்கிய மக்கீட்டா நிறுவனமே சீனாவின் குன்ஷானில் தொழிற்சாலை நடத்துகிறது. கடையில் நின்றபடியே பார்க்கக் கூடியவை பல உண்டு. உளியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது தட்டையா, அலையலையா என்று தெரியும். பிடிக்குள் உளி நேரே இறங்கியிருக்கிறதா என்று கண்ணோடு சேர்த்துப் பார்க்கலாம். கடைக்காரர் விட்டால் முனையோரம் பழைய அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். வெண்ணெயில் போல இறங்கினால் வைத்துவிட்டு வர வேண்டும், வழுக்கினால் வாங்கலாம். வாளை வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும். சீவுளியின் அடியில் மூலைமட்டத்தை நிறுத்தினால் நடுவில் ஒளி கசியக்கூடாது. இந்த ஐந்து பார்வையும் தெரிந்தவருக்கு எந்த நாட்டுச் சாமானும் சரி. தெரியாதவருக்கு ஜப்பானும் காப்பு இல்லை.

2009 மேக்குப் பின் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்த தச்சர்களில் கருவிப்பெட்டியைக் காப்பாற்றி வந்தவர்கள் சிலரே. பிறகு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் என்று, உரிமையாளரே நின்று கட்டும் வீடுகள் எழுந்தன. அத்தனை வீட்டுக்கும் நிலையும் கதவும் வேண்டியிருந்தது. மரக்காலையில் கிடைத்த மரத்தையும், இரும்புக்கடையில் கிடைத்த உளியையும், இரவல் வாளையும் வைத்து அந்தத் தேவைக்கு முகம் கொடுத்தவர்கள் இந்தத் தச்சர்கள். அவர்கள் எல்லோரும் நல்ல வேலை செய்தார்கள் என்று சொன்னால் பொய். பச்சை மரத்தில் செய்து, ஒரே கோடையில் முறுக்கிய கதவுகளும் உண்டு. ஆனால் அந்தக் கதவு முறுக்கியதற்கு மரம் காயாததே காரணம். ஜப்பான் உளி கையில் இருந்திருந்தாலும் அது முறுக்கியே இருக்கும்.

பழகுநரின் முதல் காசு கல்லுக்குப் போக வேண்டும். ஆயிரம் இலக்கத் தீட்டுக்கல் ஒன்று. இயலுமானால் ஆறாயிரம் இன்னொன்று. அதற்கும் வழியில்லையா? வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் வாங்கும் தண்ணீர்த்தாளில் 400, 1000, 2000 என மூன்றை வாங்கி, தடித்த கண்ணாடித் துண்டில் ஒட்டினால் போதும். அடுத்து அரை அங்குல உளி ஒன்று, ஓர் அங்குல உளி ஒன்று. ஒரு தள்ளுவாள், அதற்கு முக்கோண அரம். இரும்புச் சீவுளி ஒன்று, பழையதானாலும் அடி தட்டையாக இருக்க வேண்டும். மூலைமட்டம் மட்டும் புதிதாக, சரி பார்த்து. இவ்வளவையும் வாங்கிய பிறகும் ஒரு கன்னாவின் விலையில் மிச்சம் இருக்கும். அதில் நன்றாகக் காய்ந்த வேம்புப் பலகை நாலு வாங்கலாம். தொடக்கத்திலேயே அனுமதிப்பத்திரத்தோடு வரும் முதிரையில் கை வைப்பது வீண் ஊதாரித்தனம்.

ஒரு வருடம் போகட்டும். தீட்டிய உளியால் முன்கை மயிர் மழிக்கும் அளவுக்குக் கை வந்துவிட்டது, தேக்கில் அலுமாரிக் கதவு செய்ய ஓடர் வருகிறது, வாளின் வெட்டு இன்னும் மெல்லியதாக வேண்டும் என்று கையே கேட்கிறது என்றால், அப்போது ஓர் இழுவாள் வாங்குவதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு ஓர் உளி. கன்னா எல்லாவற்றுக்கும் கடைசி.

அதுவரை ரொறொன்ரோவிலிருந்து மாமா வட்ஸ்அப்பில், "என்னடா அனுப்ப?" என்று கேட்டால் இரண்டு ஜப்பான் தீட்டுக்கற்களைக் கேட்கலாம். அந்த நாட்டுச் சாமானில் வன்னிக்கு நேரே பொருந்துவது அதுதான். எந்த உருக்கும் அதற்குச் சம்மதம், தண்ணீர் மட்டும் போதும். அடுத்த ஒழுங்கைத் தச்சர் ஐயாவும் தன் ஸ்பிரிங் தகட்டு உளியைக் கொண்டுவந்து அதில் நாலு இழுப்பு இழுத்து, பெருவிரலால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொண்டு எடுப்பிக்கலாமோ தம்பி?" என்று கேட்பார்.